நிறம் பார்க்கும் வகுப்பறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கை தொடர்பாக அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 ஏப்ரலில் பிறப்பித்த நிர்வாக ஆணையைப் பற்றி இப்பகுதியில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. தண்டனை பெறுவோர் எண்ணிக்கையில் இனங்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டைப் பாகுபாட்டின் அடையாளமாகக் கொள்ளும் அணுகுமுறையைக் கைவிட வேண்டும் என்பது அந்த ஆணையின் சாரம். அதைப் படித்துவிட்டு, தண்டனை பற்றியும், இதே இன வேறுபாடு பேசப்படும் சிறப்புக் கல்வி (குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான கல்வி) பற்றியும் வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

சிறப்புக் கல்வி என்பது கூடுதல் உதவிதானே? கறுப்பினக் குழந்தைகள் அதில் அதிகமாகச் சேர்க்கப்பட்டால் அவர்களுக்கு அதிக உதவி கிடைக்கிறது என்றுதானே பொருள்? அதை ஏன் அநீதி என்கிறார்கள்?
(கல்லூரி மாணவி, திருவண்ணாமலை)

உதவி தேவைப்படும் குழந்தைக்கு ஏற்ற உதவி கிடைப்பதை யாரும் அநீதி என்று சொல்லவில்லை. உதவி என்ற பெயரில் கொடுக்கப்பட்டது என்ன என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இரு இனக் குழந்தைகளும் ஒரே கட்டடத்துக்குள் வரத் தொடங்கிய காலத்தில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கானவை என்று அன்று சொல்லப்பட்ட தனி வகுப்புகளில் கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி, பூர்வகுடிக் குழந்தைகள் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சிறப்புக் கல்வித் துறையிலேயே ஊறிய அறிஞரான லாயிட் டன், 1968இல் எழுதிய கட்டுரையில், இலேசான மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு இவ்வகுப்புகளில் இருப்பவர்களில் 60 முதல் 80 விழுக்காட்டினர் ஏழைகளும் சிறுபான்மை இனத்தவரும் என்று மதிப்பிட்டு, இவ்வகுப்புகளில் பெரும்பகுதிக்கு நியாயம் உண்டா என்று தம் துறையையே கேட்டார். வெளியிலிருந்து வந்த குற்றச்சாட்டாக இருந்திருந்தால் அதை எளிதாகத் தள்ளியிருப்பார்கள்.

நீதிமன்றத்தில் இது உரசிப் பார்க்கப்பட்டது 'லாரி பி.' வழக்கில். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் 1971இல் தொடுத்த அந்த வழக்கில், பள்ளி நடத்திய நுண்ணறிவுச் சோதனையில் தேறாமல் தனி வகுப்புக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளைக் கறுப்பின உளவியலாளர்கள் மறுபடியும் சோதித்தார்கள். கேள்விகளைக் குழந்தைகளுக்குப் பழகிய சொற்களில் கேட்டபோது அவர்கள் தனி வகுப்புக்கான மதிப்பெண் வரம்பைத் தாண்டிவிட்டார்கள். கலிஃபோர்னியா மாநிலப் பள்ளிகளில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்த காலத்தில் இத்தனி வகுப்புகளில் அவர்கள் 27 விழுக்காடாக இருந்தார்கள் என்பதும் வழக்கில் வெளிப்பட்டது. 1979இல் தீர்ப்பளித்த நீதிபதி ராபர்ட் பெக்கம், இந்த வகுப்புகளை மேலே போக வழியில்லாத முட்டுச்சந்துகளாகவே கண்டார். அங்கே கற்பிக்கப்பட்டவை, குழந்தையை என்றாவது பொதுவகுப்புக்குத் திருப்பி அனுப்பும் நோக்கில் அமைந்தவை அல்ல. கறுப்பினக் குழந்தைகளை அந்த வகுப்புகளில் சேர்க்க நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் அதை உறுதி செய்தது.

இந்த வழக்குக்கு ஒரு பின்கதை உண்டு. தடை 1986இல் எல்லா வகைச் சிறப்புக் கல்விக்கும் விரிவாக்கப்பட்டது. அப்போது வேறு சில கறுப்பினப் பெற்றோர், தம் குழந்தையின் கற்றல் குறைபாட்டைக் கண்டறிய அந்தச் சோதனை தேவைப்படுகிறது, நிறத்தைக் காரணம் காட்டி அதை மறுக்கிறார்கள் என்று வழக்குத் தொடுத்தார்கள். அதே பெக்கம் 1992இல் அந்த விரிவாக்கத்தை ரத்து செய்தார். தேவையில்லாத குழந்தையை உள்ளே தள்ளுவதும் தேவையுள்ள குழந்தையை வெளியே நிறுத்துவதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் பின்வரும் விடைகளையும் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்வையின்மை, செவித்திறன் குறைபாடு போல மருத்துவர் பரிசோதித்துச் சொல்லக்கூடிய வகைகளில் இன வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. அறிவுசார் குறைபாடு, உணர்ச்சிசார் கோளாறு ஆகிய இரண்டிலும்தான் கறுப்பினக் குழந்தைகள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அடையாளம் காணப்படுகிறார்கள். இவ்விரண்டிலும் கதை தொடங்குவது வகுப்பாசிரியரின் பார்வையில். அவர் எழுதும் பரிந்துரையில்.

எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பதாலேயே பாகுபாடு என்று சொல்லிவிட முடியுமா? இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
(ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்)

முடியாது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால் காரணத்தைத் தேடு என்றுதான் சொல்கிறது.

கணக்கு எளியது. ஒரு கல்வி மாவட்டத்தில் 1,000 கறுப்பின மாணவர்களும் 4,000 பிற மாணவர்களும் இருப்பதாகக் கொள்வோம். முதல் பிரிவில் 60 பேரும் இரண்டாம் பிரிவில் 80 பேரும் உணர்ச்சிசார் கோளாறு உள்ளவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், முன்னதில் 6 விழுக்காடு, பின்னதில் 2 விழுக்காடு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3. இதை இடர் விகிதம் என்கிறார்கள். ஒன்று என்றால் சமம். ஒன்றுக்கு மேலே போகப் போகக் கேள்வி எழுகிறது. எந்த எண்ணில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பதை மாநிலங்களே வகுத்துக்கொள்ளலாம்.

பிரச்சினையே அந்த 'வகுத்துக்கொள்ளலாம்' என்பதில்தான் வந்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டம் 2004இல் திருத்தப்பட்டபோது, குறிப்பிடத்தக்க சமமின்மை உள்ள மாவட்டங்கள் தமக்குக் கிடைக்கும் சிறப்புக் கல்வி நிதியில் 15 விழுக்காட்டை ஒதுக்கி, குழந்தைகள் சிறப்புக் கல்விக்குத் தள்ளப்படும் முன்பே அவர்களுக்குப் பொதுவகுப்பில் உதவி செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. ஆனால் எது குறிப்பிடத்தக்க சமமின்மை என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிக்கு ஓர் இலக்கணம் எழுதிக்கொண்டது. விளைவாக, 2010–11 கல்வியாண்டில் நாடு முழுவதிலும் 356 மாவட்டங்கள் மட்டுமே, அதாவது ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே, அந்த வலையில் சிக்கின என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013இல் கண்டறிந்தது.

இதைச் சீர்செய்யத்தான் ஒபாமா அரசு 2016 டிசம்பரில் பொதுவான கணக்கீட்டு முறையை விதியாக்கியது. ஏழு இனப் பிரிவுகள், அவை ஒவ்வொன்றுக்கும் அடையாளம் காணுதல், வகுப்பில் இடமளித்தல், தண்டனை ஆகியவற்றில் 14 அளவீடுகள்; ஆக ஒரு மாவட்டத்துக்கு 98 கணக்குகள். கணித ஆசிரியரான உங்களுக்கு ஒரு செய்தி: மிகச் சிறிய எண்ணிக்கைகளில் விகிதம் தாறுமாறாகத் துள்ளும் என்பதால், குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கையை வரம்பாக வைத்துக்கொள்ளவும் விகிதம் மூன்று ஆண்டுகள் வரை தொடர்ந்து வரம்பைத் தாண்டினால் மட்டுமே மாவட்டத்தைக் குறித்துக்கொள்ளவும் அந்த விதி இடமளிக்கிறது. அடுத்து வந்த அரசு 2018இல் அதன் நடைமுறையை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தது. பெற்றோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், அந்தத் தாமதம் சட்டப்படி செல்லாது என்று 2019 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் முப்பது ஆண்டுகளாகத் தலைமையாசிரியையாக இருக்கிறேன். தவறு செய்த பிள்ளையைத் தண்டிக்கிறோம். சாதி, நிறம் பார்த்துத் தண்டிப்பதில்லை. ஓர் இனத்துப் பிள்ளைகள் அதிகம் தண்டிக்கப்படுகிறார்கள் என்றால் அவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள் என்று ஏன் கொள்ளக் கூடாது?
(தலைமையாசிரியை, திண்டுக்கல்)

நேர்மையான கேள்வி. அமெரிக்காவிலும் பல ஆசிரியர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்; அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு விடை சொல்லாமல் போனவர்களால் விவாதம் கெட்டதே தவிர வளரவில்லை. அந்நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பல வழிகளில் சோதித்திருக்கிறார்கள்.

முதலில் அளவைச் சொல்கிறேன். 2013–14 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் 15.5 விழுக்காடாக இருந்த கறுப்பின மாணவர்கள், பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்தார்கள். முன்பருவப் பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2017–18இல் கறுப்பினக் குழந்தைகள் 18.2 விழுக்காடு; இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் 43.3 விழுக்காடு. மூன்று நான்கு வயதுக் குழந்தையை 'சஸ்பெண்ட்' செய்வது என்ற எண்ணமே நம் ஊரில் சிரிப்பை வரவழைக்கும். அங்கே அது நடைமுறை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரஸல் ஸ்கிபாவும் அவருடைய சகாக்களும் ஒரு பெருநகரின் நடுநிலைப் பள்ளிகளில் மாணவர்கள் எந்தக் குற்றத்துக்காகத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டார்கள் என்று ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். வெள்ளையின மாணவர்கள் கூடுதலாக அனுப்பப்பட்ட காரணங்கள்: புகைபிடித்தது, அனுமதியின்றி வெளியேறியது, பொருள்களைச் சேதப்படுத்தியது, ஆபாசமாகப் பேசியது. கறுப்பின மாணவர்கள் கூடுதலாக அனுப்பப்பட்ட காரணங்கள்: மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல், சும்மா சுற்றித் திரிந்தது. முதல் பட்டியலில் உள்ளவற்றை யார் பார்த்தாலும் நடந்தது என்று சொல்லிவிடலாம். சிகரெட் துண்டு இருக்கிறது, உடைந்த கண்ணாடி இருக்கிறது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை நடந்ததா இல்லையா என்பதைப் பார்ப்பவரின் மனம்தான் முடிவு செய்கிறது. எத்தனை சத்தம் அதிகச் சத்தம்? தங்கள் அனுபவத்திலேயே ஒரு பிள்ளையின் துடுக்கு விளையாட்டாகவும் மற்றொரு பிள்ளையின் துடுக்கு திமிராகவும் தெரிந்த சந்தர்ப்பங்கள் இருக்கக்கூடும்.

டெக்சாஸ் மாநிலத்தில் ஏழாம் வகுப்பில் தொடங்கி ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களின் பதிவுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. அங்கு வழங்கப்பட்ட தண்டனைகளில் சட்டம் கட்டாயமாக்கிய தண்டனைகள் வெறும் 3 விழுக்காடு. மற்றவை எல்லாம் பள்ளியின் விருப்புரிமைக்கு உட்பட்டவை. வருமானம், மதிப்பெண், வருகை எனப் 83 காரணிகளைச் சமப்படுத்திய பிறகும், விருப்புரிமைத் தண்டனை பெறும் வாய்ப்பு கறுப்பின மாணவர்களுக்கு 31 விழுக்காடு அதிகமாக இருந்தது. துப்பாக்கி, போதைப்பொருள் போன்ற, சட்டம் கட்டாயமாக்கிய தண்டனைகளில் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்தார்கள். அதிகம் தவறு செய்கிறார்கள் என்பதுதான் விளக்கம் என்றால், மிகப் பெரிய தவறுகளில் அது ஏன் காணாமல் போகிறது?

ஆசிரியர்களைத் தீயவர்களாகக் காட்டுவது இந்த ஆய்வுகளின் நோக்கமல்ல. யேல் பல்கலைக்கழகத்தில் 2016இல் நடந்த ஒரு சோதனையில், முன்பருவப் பள்ளி ஆசிரியர்களிடம் நான்கு குழந்தைகள் விளையாடும் காணொளியைக் காட்டி, சேட்டை தொடங்குவதைக் கவனிக்கச் சொன்னார்கள். குழந்தைகள் யாரும் சேட்டை செய்யவே இல்லை; அவர்கள் நடிகர்கள். ஆசிரியர்களின் கண்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் கருவி அளந்தது. அவை கறுப்பினச் சிறுவன் மீது அதிக நேரம் நின்றன. யாருக்கு அதிகக் கவனிப்பு தேவைப்பட்டது என்று வாய்விட்டுக் கேட்டபோதும் 42 விழுக்காட்டினர் அவனையே காட்டினார்கள். கறுப்பின ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்ல. கண் அதிகம் பார்க்கும் பிள்ளையிடம்தான் தவறும் அதிகம் தென்படும்.

ஸ்டான்ஃபோர்டில் ஜேசன் ஒகோனோஃபுவாவும் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நுட்பமானது. ஒரு மாணவன் செய்த இரண்டு சிறு தவறுகளின் பதிவை ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். பெயர் மட்டும் சிலருக்குக் கறுப்பினத்தவரிடையே வழங்கும் பெயர், சிலருக்கு வெள்ளையினத்தவரிடையே வழங்கும் பெயர். முதல் தவறைப் படித்தபோது வேறுபாடில்லை. இரண்டாவதைப் படித்தபோது, கறுப்பினப் பெயர் இருந்தால் கடுமையான தண்டனை வேண்டும் என்றார்கள். இவன் இப்படித்தான் என்ற முடிவுக்கும் விரைவாக வந்தார்கள். நிறம் பார்க்காமல்தான் தண்டிக்கிறோம் என்று அந்த ஆசிரியர்களும் மனமறிந்து நம்பியிருப்பார்கள்.

இது நிறத்தால் வருவதா, வறுமையால் வருவதா? ஏழைக் குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துக் குறைவு, ஈய நச்சு, குறைப்பிரசவம் என்று பல பாதிப்புகள் இருக்கும்போது குறைபாடும் கூடுதலாகத்தானே இருக்கும்?
(குழந்தைநல மருத்துவர், கோயம்புத்தூர்)

நீங்கள் சொல்லும் வாதத்தை அமெரிக்க அறிஞர்களே வலுவாக முன்வைத்திருக்கிறார்கள். பால் மார்கன், ஜார்ஜ் ஃபார்காஸ் ஆகியோர் அடங்கிய குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு மதிப்பெண்ணும் ஒரே குடும்பச் சூழலும் உள்ள குழந்தைகளை ஒப்பிட்டால், கறுப்பினக் குழந்தைகள் சிறப்புக் கல்வியில் அதிகமாக இல்லை, வெள்ளையினக் குழந்தைகளைவிடக் குறைவாகவே அடையாளம் காணப்படுகிறார்கள் என்றது. உரிய உதவி அவர்களுக்கு மறுக்கப்படுகிறது என்பதே அவர்களின் முடிவு. ஸ்கிபா உள்ளிட்ட பலர் இதை மறுத்தார்கள். மதிப்பெண்ணைச் சமப்படுத்திவிட்டுப் பார்த்தால், மோசமான பள்ளி, பயிற்சியற்ற ஆசிரியர், குறைந்த எதிர்பார்ப்பு ஆகியவற்றால் விழுந்த மதிப்பெண்ணும் குழந்தையின் உடலில் உள்ள குறைபாட்டின் கணக்கில் எழுதப்பட்டுவிடும் என்பது அவர்களின் வாதம்.

சண்டை இன்னும் தீரவில்லை. என் பார்வையில் இரு தரப்பும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் கறுப்பினக் குழந்தைக்கு டிஸ்லெக்சியா என்று கண்டறியப்படாமல் போவதும், அதே திணறலால் எரிச்சலடைந்து வகுப்பில் கத்துகிற அந்தக் குழந்தைக்கு உணர்ச்சிசார் கோளாறு என்ற முத்திரை விழுவதும் ஒரே பள்ளியில் ஒரே குழந்தைக்கே நடக்கலாம். கணக்கில் முதலாவது குறைவாகவும் இரண்டாவது கூடுதலாகவும் பதிவாகும். வறுமை உண்மையான காரணி. ஆனால் தண்டனையில் அது முழு விளக்கமாக நிற்பதில்லை. தணிக்கை அமைப்பு 2018இல் தந்த அறிக்கை, பள்ளியில் ஏழை மாணவர்கள் அதிகமோ குறைவோ, எல்லா நிலைகளிலும் கறுப்பின மாணவர்கள் விகிதத்தை மிஞ்சித் தண்டிக்கப்படுவதைக் காட்டியது.

எண்ணிக்கையை மட்டும் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் டெக்சாஸே உதாரணம். அம்மாநிலம் 2004இல் சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பதை மாவட்டங்களை மதிப்பிடும் அளவுகோலாக்கியது. நாட்டின் சராசரி ஏறத்தாழ 13. ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் 2016இல் இதை அம்பலப்படுத்தும் வரை, உதவி தேவைப்பட்ட ஏராளமான குழந்தைகள் எல்லா இனங்களிலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது சட்டமீறல் என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2018 ஜனவரியில் அறிவித்தது.

நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். முதல் வகுப்பில் படிக்கும் என் மகன் வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். அவனைச் சிறப்புக் கல்விக்காக மதிப்பீடு செய்ய வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டால் முத்திரை விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தமிழை நிறுத்திவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
(ஒரு தாய்)

தமிழை நிறுத்த வேண்டாம். இரு மொழி பேசுவது குறைபாட்டை உண்டாக்குவதில்லை. மற்றவற்றைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமைகளிலிருந்து தொடங்குவோம்.

உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் முதல் மதிப்பீட்டைப் பள்ளி நடத்த முடியாது. மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொள்வதும் சிறப்புக் கல்விக்கு ஒப்புக்கொள்வதும் தனித்தனி. முதலாவதற்குக் கையெழுத்திட்டுவிட்டு, முடிவைப் பார்த்தபின் இரண்டாவதை மறுக்கலாம். குழந்தைக்கு நன்கு தெரிந்த மொழியில், இயலும் வரை, சோதனை நடத்தப்பட வேண்டும். ஆங்கிலம் போதாமையோ, வாசிப்பும் கணக்கும் சரியாகக் கற்பிக்கப்படாமையோதான் முக்கியக் காரணம் என்றால் குழந்தைக்குக் குறைபாடு என்று முடிவு செய்யவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. முடிவில் உடன்பாடு இல்லையென்றால், பள்ளியின் செலவில் வெளியாள் ஒருவரைக் கொண்டு மறுமதிப்பீடு கோரலாம். பள்ளி அதை மறுக்க விரும்பினால், தன் மதிப்பீடு சரியானதே என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும்.

இந்த மொழிப் பாதுகாப்பு சும்மா வந்ததல்ல. கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று வகைப்படுத்தியதை எதிர்த்து 'டயானா' என்ற பெயரில் நடந்த வழக்கு 1970இல் உடன்படிக்கையில் முடிந்தது; தாய்மொழியில் மறுபடி சோதிக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் உரிமைப் படிவத்தில் அந்தப் பெற்றோரின் பங்கும் இருக்கிறது.

முத்திரை பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. ஆசிய வம்சாவளிக் குழந்தைகள் சிறப்புக் கல்வியில் மற்றவர்களைப்போல் ஏறத்தாழப் பாதி அளவே இருக்கிறார்கள். ஆசியப் பிள்ளை என்றால் படிக்கும், அமைதியாக இருக்கும் என்ற ஆசிரியரின் எண்ணமும், நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்ற நம் வீட்டுக் கூச்சமும் சேர்ந்து, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகின்றன. கடிதம் வந்துவிட்டதாலேயே குறைபாடு இருப்பதாகாது. ஆனால் கூச்சத்தால் அதை மடித்து வைத்துவிடாதீர்கள்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதா?
(வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. இங்கிலாந்தில் கரீபிய வம்சாவளிக் குழந்தைகள் மந்தமானவர்களுக்கான தனிப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதை கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூலில் அம்பலப்படுத்தினார். செக் நாட்டின் ஆஸ்திராவா நகரில் ரோமா இனக் குழந்தை சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்படும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 27 மடங்கு என்ற கணக்கை முன்வைத்து 18 குழந்தைகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலில் தோற்று, 2007இல் அதே நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதிகள் கொண்ட பேரமர்வில் வென்றார்கள். பெற்றோர் கையெழுத்திட்டுத்தானே அனுப்பினார்கள் என்ற அரசின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் இருக்கும் உரிமையைக் கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது என்றது.

மாற்றுத்திறன் உள்ள மாணவனைப் பள்ளி தன் விருப்பப்படி வெளியேற்ற முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?
(வழக்கறிஞர், மதுரை)

2013–14இல் மாணவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்த மாற்றுத்திறன் மாணவர்கள் இடைநீக்கம் பெற்றவர்களில் ஏறத்தாழக் கால்பங்காக இருந்ததால் இந்தக் கேள்வி முக்கியமானது. கறுப்பினமும் மாற்றுத்திறனும் ஒரே பிள்ளையிடம் சேரும்போது சுமை இரட்டிக்கிறது.

எந்த மாணவனையும், குறுகிய கால இடைநீக்கமாயினும், குற்றச்சாட்டைச் சொல்லி அவன் தரப்பைக் கேட்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்று ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து வந்த கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறன் மாணவன் கல்வி பெறும் வகுப்பையோ பள்ளியையோ பள்ளி நிர்வாகம் தன்னிச்சையாக மாற்ற முடியாது என்பதை 1988இல் ஹோனிக் எதிர் டோ வழக்கு உறுதி செய்தது. 1997இல் சட்டத்துக்குள்ளேயே ஒரு நடைமுறை வந்தது: பத்து நாள்களுக்கு மேல் நீக்கிவைக்க நினைத்தால், பெற்றோரும் அடங்கிய குழு கூடி, அந்த நடத்தை குறைபாட்டால் விளைந்ததா, அல்லது அவனுக்கென்று எழுதப்பட்ட தனிநபர் கல்வித் திட்டத்தைப் பள்ளி நிறைவேற்றாததால் விளைந்ததா என்று முடிவு செய்ய வேண்டும். ஆம் என்றால் பிள்ளை பெரும்பாலும் தன் வகுப்புக்கே திரும்புகிறான். ஆயுதம், போதைப்பொருள், கடும் காயம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இல்லை என்று முடிவானாலும் அவனுக்குக் கல்வி தொடர வேண்டும்.

ஓட்டைகள் உள்ளன. தாயைத் தொலைபேசியில் அழைத்து, இன்று கொஞ்சம் சீக்கிரம் வந்து கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டால் அது பத்து நாள் கணக்கில் பதிவாகாமல் நழுவிவிடுகிறது. கறுப்பின மாணவர்களை மிகையாகத் தண்டிப்பது சமத்துவச் சட்டத்தை மீறியதாகலாம் என்று 2014 ஜனவரியில் ஒபாமா அரசு அனுப்பிய வழிகாட்டு மடலை அடுத்த அரசு 2018 டிசம்பரில் திரும்பப் பெற்றது. 2025 ஆணை அதே திசையில் இன்னொரு அடி. எனினும், நிர்வாக ஆணையால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அழிக்க முடியாது. மேலே சொன்ன 15 விழுக்காட்டு விதியும் பத்து நாள் விதியும் சட்டத்தில் இருப்பவை.

இதற்கு வேலை செய்த தீர்வு ஏதாவது உண்டா?
(பி.எட். மாணவர், நாகர்கோவில்)

முழுத் தீர்வு எங்கும் இல்லை; பகுதித் தீர்வுகள் உண்டு. கலிஃபோர்னியா, 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற காரணத்தைக் காட்டி இடைநீக்கம் செய்வதைப் படிப்படியாகத் தடை செய்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கல்வி மாவட்டம் 2013இல் தொடங்கி வைத்ததை மாநிலம் 2014இல் மூன்றாம் வகுப்பு வரையிலும், 2019இல் எட்டாம் வகுப்பு வரையிலும், 2023இல் இயற்றிய சட்டத்தின் மூலம் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் நீட்டித்தது. திண்டுக்கல் வாசகிக்குச் சொன்ன இரண்டாம் பட்டியலை நினைவில் கொண்டால் இது ஏன் சரியான இடத்தில் கைவைக்கிறது என்பது விளங்கும். இடைநீக்கங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் இனங்களுக்கிடையிலான இடைவெளி எண்ணிக்கையோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. மாற்று உதவிக்கு ஆளும் பணமும் தராமல் தடையை மட்டும் தந்தால் ஆசிரியர் கைகட்டப்பட்டதாக உணர்கிறார் என்ற புகாரிலும் நியாயம் இருக்கிறது.

ஒகோனோஃபுவாவின் மற்றொரு சோதனை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. கலிஃபோர்னியாவின் ஐந்து நடுநிலைப் பள்ளிகளில் கணித ஆசிரியர்களுக்கு, தவறு செய்த மாணவனின் பக்கம் நின்று யோசிப்பது பற்றிய ஒரு குறுகிய இணையவழிப் பயிற்சி தரப்பட்டது. அந்த ஆண்டு அவர்களிடம் படித்த மாணவர்களின் இடைநீக்கம், வேறு பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மாணவர்களோடு ஒப்பிடும்போது பாதியானது, 9.6 விழுக்காடு 4.8 ஆயிற்று. இது 2016இல் வெளியானது. ஒரே ஆய்வை வைத்து ஊர் முழுவதற்கும் கொள்கை வகுக்கக் கூடாதுதான். மலிவான முயற்சி என்பதால் மறுபடியும் பல இடங்களில் செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

சிறப்புக் கல்விப் பரிந்துரையைப் பொறுத்தவரை, பயிற்சி மாணவரான உங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நன்றாக நடக்கும் அமெரிக்கப் பள்ளிகளில், வாசிப்பில் பின்தங்கும் முதல் வகுப்புக் குழந்தைக்கு உடனே பரிந்துரைப் படிவம் எழுதுவதில்லை. சில வாரங்கள் சிறு குழுவில் ஒலிகளிலிருந்து தொடங்கி முறையாகக் கற்பித்து, வாரந்தோறும் அளந்து, அதற்கும் மாற்றம் தெரியாவிட்டால்தான் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2004 சட்டத் திருத்தம் இந்த முறைக்கு இடமளித்தது. இதையே சாக்காக வைத்து மதிப்பீட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பள்ளிகளும் உண்டு. அப்படித் தள்ளிப்போடக் கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2011இல் மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. பெற்றோர் எழுத்தில் மதிப்பீடு கேட்டுவிட்டால், சிறு குழு வகுப்பு இன்னும் முடியவில்லை என்பது அதை மறுக்கப் போதிய காரணம் ஆகாது.